பையனுக்கு டிராகன் பேரு முப்பது தெரியுது, பூச்சுக் பாக்கு என்னானு தெரியல

லயத்து மலர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் (பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைனாதான் புரியும், 2007ல பேரு மாத்துனாங்க, எங்க மாமியாருக்கு இன்னிவரைக்கும் அது பத்தாங்தான்). போன ஞாயித்துக்கெழமை சந்தையில பூச்சுக் பாக்கு (சுருண்ட நுனியோட வர்ற பெரணிக் கீரை) ஒரு கட்டு வாங்கி, சின்ன வயசுல எங்க பாட்டி செஞ்ச மாதிரியே காஞ்ச இறால் இடிச்சுப் போட்டு, மஞ்சள், சிலி பாடி (ஊசி மொளகாய்), கெட்டி சந்தான் (தேங்காப்பால்) ஊத்தி எறக்குனேன், வீடே மணக்குது. சின்னவன் நாலாம் ஆண்டு படிக்கிறான், வந்து சட்டியை எட்டிப் பாத்துட்டு "அம்மா இது புழுவா"ங்கிறான். சுருண்டிருக்குல்ல, அதான். ஒரு வாய் வைக்கல. மேகிதான் வேணுமாம்.

அதோட விட்டிருப்பேன், ஆனா அன்னிக்கு ராத்திரியே கற்பனைக் கதை ஒன்னு எழுதணும்னு உக்காந்தான் பாருங்க, ரெண்டு பக்கம் டிராகன். பனி டிராகன், எரிமலை டிராகன், விஷ டிராகன், எது என்னா சாப்பிடும் எதுக்கு எது எதிரி எல்லாம் மனப்பாடம், முப்பது பேருக்குக் கொறையாம சொல்றான். சரி, நம்ம வீட்டுக்குப் பின்னால லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமா வந்து நிக்குதே நீலக்கலர் குருவி, அது என்னாடானு கேட்டேன், "பேர்ட்"டுங்கிறான். அவ்ளோதான் பதில்.

நான் கோவமா எழுதல, நெஜமா கேக்குறேன். இந்த மாயாஜாலம், டிராகன், கேம் இதெல்லாம்தான் புள்ளைங்கள வெளிய பாக்க விடாம செய்யுதா, இல்ல நாமளே ஒன்னும் காட்டலையா?

பழைய கிராணி:
அம்மா மலர், நீலக் குருவினா அது மீன்கொத்தியா இருக்கும், மார்பு வெள்ளையா மூக்கு செவப்பா இருந்துச்சானு அடுத்த தடவை பாரு. லோங்காங்லகூட வந்து நிக்கும், மீனு மட்டும் இல்ல, பல்லி, வெட்டுக்கிளி எல்லாம் புடிக்கும்.

கேம்தான் காரணம். சந்தேகமே வேணாம். எங்க காலத்துல தோட்டத்துல 6 மணிக்கு மேல லயத்து (தொழிலாளிங்க வரிசை வீடு) வாசல்ல எல்லாப் புள்ளைங்களும் இருக்கும், பொழுதுபோக்குனா மாசத்துக்கு ஒருக்கா திடல்ல வெள்ளைத்துணி கட்டிப் போடுற படம்தான். இப்ப ஒரு வீட்டுல நாலு பேருனா நாலு போன்.

டிராகன்மாஸ்டர்:
கிராணி அங்கிள் மன்னிக்கணும், அந்த வெள்ளைத்துணியில என்னா படம் போட்டாங்க? தலை தனியா பறக்கும், பாம்பு பொண்ணா மாறும், மந்திரவாதி ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள உயிர ஒளிச்சு வெச்சிருப்பான். எங்க தாத்தா இன்னும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு லா. உங்களுக்கு மாயாஜாலம் ஓகே, எங்களுக்குனா கெட்டுப்போயிட்டோமா?

அக்கா, உங்க பையன் எது எத சாப்பிடும் எதுக்கு எது எதிரினு மனப்பாடமா வெச்சிருக்கான்னு நீங்களே சொல்றீங்க. அந்த மூளை நல்ல மூளைக்கா. அவனுக்கு யாரும் இந்தப் பக்கத்து ஜந்துவ அந்த மாதிரி சொல்லிக் குடுக்கல, அவ்ளோதான் மேட்டர்.

சம்பால் ராணி:
விவாதம் அப்புறோ. மலர் தங்கச்சி, பூச்சுக் பாக்கு எப்புடி ஆஞ்ச? கத்தியால வெட்டுனியா? வெட்டக்கூடாது மா. நுனியில இருந்து வெரலால வளைச்சுக்கிட்டே வரணும், எந்த எடத்துல தானா "டப்"னு ஒடியுதோ அதுவரைக்கும்தான் இளசு, அதுக்குக் கீழ நார்தான், எத்தனை சந்தான் ஊத்துனாலும் வாயில நிக்கும். பையனுக்கு அந்த ஒடிக்கிற வேலையக் குடு. எங்க வீட்டு வாண்டுங்க அந்த சத்தத்துக்காகவே அரை கிலோ ஆஞ்சு தள்ளும். வெரலு கறுத்துப்போகும், போனா போவுது. தின்னுமான்னா அது வேற கத.

அப்புறோ பூச்சுக் பாக்குன்னதும் சிரிப்பு வருது, எங்க அண்ணன் பொண்டாட்டி தமிழ்நாடு, கல்யாணமாகி வந்த புதுசுல எங்கம்மா "பாக்கு வாங்கிட்டு வா"ன்னு அனுப்ப, அந்த அண்ணி வெத்தலைக் கடைக்குப் போயி கொட்டப்பாக்கு வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க. இன்னும் அதச் சொல்லி ஓட்டுறோம்.

வெளிக்காட்டு அக்கா:
ஒரு விசயம் சொல்லிப்புடுறேன் எல்லாரும் கேட்டுக்குங்க, பூச்சுக் பாக்கு தோட்டத்து ஓரமா சும்மா வளருதேன்னு கண்ட எடத்துல பறிக்காதீங்க நான் 19 வருசம் மருந்து அடிச்சவ முதுகுல டாங்கியத் தூக்கிக்கிட்டு செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) வட்டம் அடிக்கிறதுன்னு சொல்லுவோம் மரத்தச் சுத்தி புல்லு இல்லாம ஆக்குறது, அடிச்சு மூணு நாலு நாளு வரைக்கும் எல பச்சையாத்தான் இருக்கும் பாத்தா ஒன்னும் தெரியாது அப்புறம்தான் காயும். அந்தப் பச்சைய நம்பி பறிச்சுட்டுப் போயி கொழம்பு வெச்சுட்டு ராத்திரி முழுக்க வயித்தால போன குடும்பம் எங்க லயத்துலயே இருந்துச்சு. பாராகுவாட்டுன்னு ஒன்னு இருந்துச்சே அது 2002ல நிறுத்துனாங்க அப்புறம் 2006ல திரும்ப விட்டாங்க கடைசியா 2020 ஜனவரியிலதான் மொத்தமா தடை, அதுக்குள்ள எங்க கூட்டத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு வெரல் நகம் கறுத்து ஒடஞ்சு விழுந்துருச்சு, மூக்குல ரத்தம் வரும், கையுறை கேட்டா ஒரு ஜோடி குடுத்துட்டு ஆறு மாசத்துக்கு மூச்சு விட மாட்டாங்க. எந்தத் தோட்டம்னு சொல்ல வேணாம் விடுங்க. அதனால சொல்றேன் மண்டோர் (மேஸ்திரி) யாராச்சும் தெரிஞ்சா கேட்டுட்டுப் பறிங்க இல்லனா ஆத்தோரம் மேட்டுப்பக்கம் மருந்து வராத எடமா பாருங்க.

லயத்து மலர்:
அக்கா நல்ல நேரத்துல சொன்னீங்க, நான் வாங்குனது சந்தையில. அந்த ஆச்சியம்மா எங்க பறிச்சாங்கனு கேக்கவே இல்ல. அடுத்த வாரம் கேக்குறேன்.

பழைய கிராணி:
கிராணினா தோட்டத்துக் கணக்குப்புள்ளை, மருந்துக் கணக்கு எழுதுனவன் நான். அக்கா சொல்றது அத்தனையும் உண்மை, அதுக்கு மேலயும் இருக்கு. எழுதுனா இந்த இழை அழுக்காயிடும்.

நான் வேற ஒன்னு சொல்றேன். செம்பனைனாலே எல்லாரும் காட்ட அழிச்ச மரம்னு பேசுறாங்க, அது பொய் இல்ல. ஆனா நம்ம ஊருக்கு ஒரு கணக்கு இருக்கு. இந்த நாட்டுல முதமுதல்ல வியாபாரத்துக்குனு செம்பனை நட்டது 1917ல, நம்ம கோலசிலாங்கூர் வட்டாரத்துல இருக்குற தென்னமரம் தோட்டத்துலதான். தோட்டத்துப் பேரே தென்னமரம். தமிழன் வெச்ச பேருலதான் இந்த நாட்டோட செம்பனைச் சரித்திரமே ஆரம்பிக்குது, பள்ளிக்கூடத்துல எத்தனை பேருக்கு அது தெரியும்? நட்டது என்னமோ செம்பனை, கூப்பிடுறது தென்னமரம், எங்கப்பா இதச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாரு.

இன்னொன்னு, எங்கம்மா செஞ்ச வேலை. செம்பனையில ஆம்பளைப் பூ தனி, பொம்பளைப் பூ தனி. அப்ப இங்க காத்துல மட்டும் சரியா காய் புடிக்கல. அதனால ஆம்பளைப் பூவோட மஞ்சத் தூள எடுத்துச் சலிச்சு, ஒரு குழாய் வெச்சு பொம்பளைப் பூ மேல ஊதிவிடணும், மரம் மரமா. எங்கம்மா மாதிரி பொம்பளைங்கதான் அத ஊதுனது, சாயங்காலம் வீட்டுக்கு வரப்ப தலை முடியெல்லாம் சோம்பு வாசனை, அந்தப் பூவோட வாசனை அது. 1981ல ஆப்பிரிக்கா கேமரூன்ல இருந்து ஒரு வண்டக் கொண்டாந்து குளுவாங் பக்கம் தோட்டத்துல விட்டாங்க. அரிசியவிடச் சின்ன வண்டு. ரெண்டு வருசத்துல நாடு முழுக்கப் பரவி, எங்கம்மா வேலைய அது எடுத்துக்கிச்சு. அந்த வண்டு இன்னிக்கும் ஒவ்வொரு ஆம்பளைப் பூவுலயும் ஆயிரக்கணக்குல மொய்க்குது, நம்ம ஆளுங்க பாதிப் பேரு அத கொசுன்னு நெனச்சுக்கிட்டு தட்டிவிடுறாங்க.

டிராகன்மாஸ்டர்:
அங்கிள்!! இதத்தான் சொல்றேன். வெளிநாட்டுல இருந்து வந்த அரிசி சைஸ் வண்டு, ஒரு நாட்டோட எண்ணெயையே தூக்கி நிறுத்துது. இத ஒரு கேம்ல வெச்சா நம்ப மாட்டானுங்க, ரொம்ப ஓவர்னு சொல்லுவானுங்க.

சுங்கைத் தம்பி:
இத்தனை நேரம் சும்மா படிச்சுக்கிட்டு இருந்தேன், டிராகன்மாஸ்டர் சொன்னதும் கை அரிக்குது. நான் ஆத்தோரத்து ஆளு, கம்போங் குவாந்தான் பக்கம். மலர் அக்கா, உங்க பையன் எது எத சாப்பிடும்னு கேக்குறவன்ல, அவனுக்கு இதச் சொல்லுங்க.

நம்ம சுங்கை சிலாங்கூர்ல ராத்திரி மின்னுற மின்மினி, கெலிப் கெலிப், எல்லாருக்கும் தெரியும். பெரெம்பாங் மரத்துல (ஆத்தோரச் சதுப்புல வளர்ற மரம்) ஆயிரக்கணக்குல உக்காந்து ஒரே தாளத்துல மின்னும், தீவாளிக்குக் கட்டுன விளக்கு மாதிரி. ஆனா அது பொறந்தது மரத்துல இல்ல. பொட்டப்பூச்சி ஆத்தங்கரைய விட்டு உள்ள போயி ஈர மண்ணுல முட்டை வைக்கும். அதுல இருந்து வர்ற புழு பல மாசம் தரையிலதான் கெடக்கும், செதில் செதிலா கவசம் போட்ட மாதிரி ஒடம்பு, வாலுப்பக்கம் லேசா வெளிச்சம் வேற. ராத்திரி வெளிய வந்து நத்தைய வேட்டையாடும். எப்புடினா, நத்தையக் கடிச்சு ஒரு விஷத்த ஏத்தும், நத்தை அசையாமப் போயிடும், அப்புறம் ஒடம்பக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு கஞ்சி குடிக்கிற மாதிரி உறிஞ்சும். ஓடு மட்டும் மிஞ்சும். இவ்ளோ பெரிய கொடூரன்தான் அப்புறம் மண்ணுக்குள்ள கூடு கட்டி, ரெக்க மொளச்சு, சில வாரம் மட்டும் அந்த மரத்துல உக்காந்து கண்ணச் சிமிட்டி பொண்ணு தேடுது.

விஷ டிராகன் விஷ டிராகன்னானே, வீட்டுல இருந்து கார்ல போற தூரத்துல இருக்கு.

அப்புறம் அந்த ஆத்தங்கரைய வெட்டி மரம் நடுறப்பவும் சிமெண்டு போடுறப்பவும் பெரெம்பாங் மரத்த விட்டுட்டோமேனு சொல்லுவாங்க. மரம் மட்டும் நின்னா போதாது. நத்தை இருக்குற ஈரமண்ணு பின்னால வேணும். மரம் அதுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி, வீடு அந்தப் பக்கத்துச் சேறுதான்.

சம்பால் ராணி:
நத்தைனதும் எனக்கு சிப்புட் செடுட் (நத்தைக் கொழம்பு) ஞாபகம் வந்துருச்சு, சந்தான்ல செராய் (எலுமிச்சைப்புல்) தட்டிப் போட்டு, வாலு வெட்டி உறிஞ்சுவோமே. அப்ப நாங்களும் மின்மினிப் புழு கணக்குதானா?

சுங்கைத் தம்பி:
ஹாஹா ஆமாக்கா, ஆனா நீங்க தின்னுற நத்தை வேற, அது உப்புத்தண்ணி கலக்குற சேத்துல இருக்குற நீட்டு நத்தை. அது தின்னுறது தரையில இருக்குற குட்டிக் குட்டி நத்தை, சுண்டுவெரல் நகத்துலகூட பாதிதான். உங்க சட்டிக்குப் போட்டி இல்ல.

காட்டுப்பூனை:
நான் இந்தப் பக்கம் வர்றதே கொறைச்சல், ஆனா இத எழுதியாகணும். நீங்க எல்லாரும் மாயாஜாலத்த நல்லவிதமாப் பேசுறீங்க. எங்க தோட்டத்துல அந்தக் கதைங்களாலயே எத்தனை ஜந்து செத்துச்சு தெரியுமா? ஆந்தை அலறுனா சாவுனு சொல்லி கல்லெறிஞ்சே கொன்னாங்க. எலிக்காக தோட்டத்துலயே மரத்துல பொட்டி கட்டி கூகைய வளர்ப்பாங்க, ஒரு கூகை ராத்திரிக்கு ரெண்டு மூணு எலி புடிக்கும், செம்பனைப் பழத்த எலி கடிச்சா நஷ்டம்ல. எங்க சித்தப்பா அந்தப் பொட்டிக்குள்ள கொள்ளிக்கட்டைய விட்டாரு, குஞ்சோட. ஏன்னா ஆயா கொட்டகைப் (கைக்கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடம்) பக்கம் கத்திச்சாம்.

இன்னும் கேளுங்க, எங்க தோட்டத்துல 14ஆம் நம்பர் பிளாக்குல மோகினி இருக்குன்னு ஊரே நம்புச்சு. வெள்ளைச் சேலை, முகம் மட்டும் வட்டமா வெள்ளையா, காலே இல்லாம மரத்துக்கு மரம் மெதக்கும், சத்தமே வராது, திடீர்னு தொண்டை கிழிய ஒரு கிறீச். நானும் பாத்துருக்கேன், பதினோரு வயசுல, மூணு நாளு காச்சல். இருபது வருசம் கழிச்சு டிவியில கூகை பறக்குறதக் காட்டுறப்பதான் தெரிஞ்சுச்சு. வெள்ளை முகம், சத்தமில்லாத ரெக்க, அந்தக் கிறீச். நான் பயந்து மூத்திரம் போனது ஒரு எலி புடிக்கிற பறவைக்கு.

பழைய கிராணி:
14ஆம் நம்பர் மோகினியா! எங்க தோட்டத்துல அது 9ஆம் நம்பர். எல்லாத் தோட்டத்துலயும் ஒரு நம்பர் இருந்திருக்கு போல.

காட்டுப்பூனைக்கு ஒரு பதில். கதையால செத்ததும் உண்டு, கதையால பொழச்சதும் உண்டு. எங்க தோட்டத்துல ஓடைக்கரையில ஒரு பெரிய ஆலமரம், கீழ முனியாண்டி. ஒரு கல்லு, ஒரு சூலம், சுருட்டு, வருசத்துக்கு ஒருக்கா சேவல். 70களில் பால்மரத்தை (ரப்பர்) எல்லாம் தள்ளிட்டு செம்பனை போட்டப்ப புல்டோசர்காரன் அந்த ஆலமரத்துக்கு முப்பது அடி தள்ளியே வண்டிய நிறுத்திட்டான். அவன் தமிழன் இல்ல, மலாய்க்காரப் பையன், அவனும் பயந்தான். மேனேஜர் வெள்ளைக்காரன், அவன் ஒன்னும் சொல்லல. அதனால என்னாச்சு, அந்த மரம் மட்டும் இல்ல, அது நின்ன ஓடைக்கரை ரெண்டு ஏக்கர் கிட்ட அப்படியே காடா நின்னுச்சு. பூச்சுக் பாக்கு அங்கதான், காளான் அங்கதான், இருவாச்சிகூட ஆலம்பழம் திங்க வரும், பறக்குறப்ப ரயில் வர்ற மாதிரி ரெக்கச் சத்தம். யாரும் சட்டம் போட்டுக் காப்பாத்தல. சுருட்டுப் புடிக்கிற முனி காப்பாத்துனாரு.

லயத்து மலர்:
ஐயா அந்த மரம் இன்னும் இருக்கா?

பழைய கிராணி:
இல்லமா. நெலத்த வித்தாங்க, தாமான் (குடியிருப்பு) வந்துச்சு. முனியாண்டிக்கு முக்குல ஒரு எடம் குடுத்து ஓட்டுக்கூரை போட்டுக் குடுத்தாங்க, பூஜை நல்லாவே போட்டோம், மரியாதையாத்தான் நகத்துனாங்க. மரத்த நகத்த முடியுமா. ஓடையப் புடிச்சு சிமெண்டுக் குழாய்க்குள்ள விட்டாங்க. இப்ப அரை மணி நேரம் மழை பேஞ்சா என் வீட்டு வாசல்ல முட்டிக்கால் தண்ணி, புகார் குடுத்தா வந்து போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க. யாருனு எழுத மாட்டேன், பெரிய மனுசங்க.

வெளிக்காட்டு அக்கா:
காளானச் சொன்னீங்களே கிராணி ஐயா அதுதான் எனக்கு நெஞ்சுல நிக்குது, பெரிய மழை பேஞ்சு மறுநாளு விடியக்காலம் பெரட்டுக்கு (காலையில பேரு கூப்பிடுறது) போறதுக்கு முன்னாலயே புத்துமேட்டப் பாக்க ஓடுவோம் வெள்ளவெள்ளையா கொடை விரிச்சிருக்கும் புத்துக்காளான், விரிஞ்சத விட மொட்டுதான் ருசி, மஞ்சள் தண்ணியில கழுவி சின்ன வெங்காயம் மொளகு மட்டும் போட்டு பெரட்டுனா ஆட்டுக்கறி தோத்துச்சு. அப்புறம் செம்பனைச் சக்கை கொட்டி வெச்ச எடத்துலயும் காளான் மொளைக்கும் அது சாம்பல் கலரு அதுவும் நல்லாத்தான் இருக்கும் ஆனா புத்துக்காளான் மாதிரி வராது. எங்கம்மா ஒன்னு சொல்லுவாங்க புத்த ஒடைக்காத கரையான் அடுத்த மழைக்கு மறுபடி போட்டுக் குடுக்கும்னு, நாகம்மா உள்ள இருக்கான்னு வேற பயமுறுத்துவாங்க நாங்களும் கைய விட மாட்டோம்.

சுங்கைத் தம்பி:
அக்கா உங்கம்மா சொன்னது அப்படியே சரி. அந்தக் காளான வளர்க்கிறதே கரையான்தான், புத்துக்குள்ள தோட்டம் போட்டு வெச்சிருக்கும். புத்து போச்சுனா காளானும் போச்சு. நாகம்மாவப் பத்தி எனக்குத் தெரியாது.

டிராகன்மாஸ்டர்:
சரி நான் ஒன்னு கேக்குறேன். வௌவால். எல்லாப் பேய்க் கதையிலயும் வௌவால்தான் வில்லன், ரத்தக்காட்டேரி. நம்ம ஊரு வௌவால்ல ரத்தம் குடிக்கிறது ஏதாச்சும் இருக்கா? என் தங்கச்சி பயப்படுறா, ஜன்னல் தொறக்க மாட்டேங்குறா.

சுங்கைத் தம்பி:
இல்லவே இல்ல. ரத்தம் குடிக்கிற வௌவால் அமெரிக்கா கண்டத்துல, மெக்சிகோவுல இருந்து தெற்கால மட்டும்தான். நம்ம பக்கத்துல இருக்குறது பூச்சி திங்கிறது, பழம் திங்கிறது, பூந்தேன் குடிக்கிறது.

இந்தத் தேன் குடிக்கிற கூட்டத்துல ஒரு வகை குகையில இருக்கும். பத்துமலையில இருக்கு. நீங்க தைப்பூசத்துக்கு 272 படி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிற அதே மலைதான். சாயங்காலம் அதுங்க கெளம்பிப் போயி எங்க தேன் குடிக்குதுனு 1970களில் ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, ஒடம்புல ஒட்டியிருக்குற மகரந்தத்த வெச்சு. முப்பது கிலோமீட்டருக்கு மேல பறந்து கடலோரச் சதுப்புக்காட்டுக்குப் போயி பெரெம்பாங் இனத்து மரத்துப் பூவுல குடிக்குது. அந்த மரம் ராத்திரிதான் பூக்கும், அதுவும் வருசம் பூரா எங்கயாச்சும் பூத்துக்கிட்டே இருக்கும், அதனால வௌவாலுக்கு அதுதான் தெனப்படி சோறு. நடுவுல வருசத்துக்கு ஒரு ரெண்டு தடவை டுரியான் பூக்குறப்பவும் பெத்தாய் (நீட்டு நெத்துல வர்ற பச்சைக் கொட்டை) பூக்குறப்பவும் அங்க போவும், அப்ப மகரந்தம் மாறுது, காய் புடிக்குது. டுரியான் பூ சாயங்காலம் தொறந்து விடியறதுக்குள்ள கொட்டிடும், பகல்ல வர்ற தேனீ அத்தனை சுலபமாச் செய்ய முடியாது.

அதாவது கடலோரத்துல பெரெம்பாங்க வெட்டுனா, டுரியான் சீசன் இல்லாத மாசத்துல வௌவாலுக்குப் பட்டினி. வௌவால் கொறஞ்சா டுரியான் தோட்டக்காரன் மரத்தடியில நின்னு மேல பாக்க வேண்டியதுதான்.

சம்பால் ராணி:
ஒரு நிமிசம் ஒரு நிமிசம். நான் நேத்து ராத்திரி செஞ்ச சம்பால் பெத்தாய்க்கும் பத்துமலை வௌவாலுக்கும் சம்பந்தம் இருக்குங்கிறியா தம்பி?

சுங்கைத் தம்பி:
அதே வௌவாலுனு சத்தியம் பண்ண முடியாதுக்கா, ஆனா அந்த ஜாதி வௌவால்தான்.

சம்பால் ராணி:
முருகா. எட்டு வெள்ளிக்கு வாங்குன கட்டு, பாதிக்குப் பாதி புழு, ஒவ்வொன்னா பொளந்து பாத்து ஒக்காந்து வஞ்சுக்கிட்டு இருந்தேன். இனிமே வையல.

மலர் தங்கச்சி, பையனுக்கு மேகி வேணும்னா சம்பால் பெத்தாய் பழக்கு, பூச்சுக் பாக்கு மாதிரி புழுவா தெரியாது. காஞ்ச மொளகாய ஊறப்போட்டு அரை, பெலாச்சான (இறால் விழுது) சுட்டுப் போடு, ஈக்கான் பிலிஸ (நெத்திலி) தனியா மொறுமொறுன்னு பொரிச்சு வெச்சுக்க. மொளகாய் எண்ணெய் பிரியுற வரைக்கும் கிண்டணும், பொறுமை இல்லாம சீக்கிரம் புளி ஊத்துனா பச்சை வாசனை போகாது. கடைசியில பெத்தாய், கடைசிக்கும் கடைசியில ஈக்கான் பிலிஸ். பெத்தாய் ரெண்டு நிமிசத்துக்கு மேல சட்டியில இருந்தா சவசவன்னு ஆயிடும். ஒரே ஒரு கொறை, மறுநாளு பாத்ரூம் பக்கம் யாரும் போக முடியாது.

காட்டுப்பூனை:
எல்லாம் நல்லாத்தான் போவுது. நான் இன்னும் டிராகன்மாஸ்டர் பக்கம் முழுசா வரல. டிராகன் இந்த நாட்டுல இல்ல, அதுக்குப் பொம்மை, பை, தண்ணி போத்தல் எல்லாம் இருக்கு. நம்ம ஜாத்தா நெகாராவுல (நாட்டுச் சின்னம்) ரெண்டு புலி நிக்குது, புள்ளைங்க பாடப் புஸ்தகத்துல தெனம் பாக்குதுங்க. காட்டுல இப்ப 150 புலிகூட இல்லனு அரசாங்கமே சொல்லிருச்சு. எங்க தாத்தா காலத்துல பால் வெட்டப் போறவங்க தலையில வெளக்கு கட்டிக்கிட்டு சத்தமாப் பாடிக்கிட்டே போவாங்களாம், புலிக்குக் கேக்கணும்னு. இப்ப பாட வேண்டிய அவசியமே இல்ல. எந்தக் கேம்லயாச்சும் ஹரிமாவ் இருக்கா சொல்லு?

டிராகன்மாஸ்டர்:
கம்மிதான் காட்டுப்பூனை, ஒத்துக்குறேன். ஆனா ஆள மாத்த வேணாம், கதைய மாத்துவோம். நம்ம கோயில் தூண்ல யாளி இருக்கு, சிங்க ஒடம்பு, யானைத் தும்பிக்கை. அது நம்ம டிராகன் தானே? மலர் அக்கா பையன அடுத்த தடவை கோயிலுக்குப் போறப்ப கோபுரத்துல எண்ணச் சொல்லுங்க.

லயத்து மலர்:
ரெண்டு நாளா வேலை, இப்பதான் வர்றேன். நெறைய எழுதிட்டீங்க எல்லாரும். நடந்தத சொல்றேன்.

நத்தைக் கதைய அன்னிக்கு ராத்திரியே படிச்சுக் காட்டுனேன். போன கீழ வெச்சுட்டான். "கரைச்சு குடிக்குமா, ஓட்டோடவா"னு நாலு தடவை கேட்டான். சனிக்கிழமை கம்போங் குவாந்தான் கூட்டிட்டுப் போனோம், மாமியாரும் வந்தாங்க. நல்ல வேளை நெலா இல்ல. சின்ன சம்பான், நாலு பேருதான், மோட்டார் கெடையாது, பாக்சிக் (பெரியவரு) ஒருத்தரு துடுப்புப் போடுறாரு. போன் வெளிச்சம் அடிக்காதீங்கன்னு முன்னாலயே சொல்லிட்டாங்க. மொதல்ல ஒன்னுமே தெரியல, அப்புறம் கண்ணு பழகுனதும் மரமே மூச்சு விடுற மாதிரி. மாமியார் அம்பது வருசமா இங்க இருக்காங்க, இதுதான் மொத தடவையாம், கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எல்லாரும் மரத்தப் பாக்குறோம், இவன் மட்டும் குனிஞ்சு கரைச் சேத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். "அம்மா கொலைகாரன் அங்க இருப்பான்"ங்கிறான், சம்பான்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க.

கற்பனைக் கதையத் திருத்தி எழுதுனான். இப்ப டிராகன் சேத்துல பொறந்து நத்தை திங்குது. டீச்சர் செவப்பு மையில "கற்பனை நன்று, ஆனால் நம்பும்படி இல்லை"னு எழுதியிருக்காங்க. அவனுக்குக் கோவம்னா கோவம்.

சம்பால் பெத்தாய் செஞ்சேன் ராணி அக்கா. வௌவால் கதைய சொல்லிட்டுத்தான் தட்டுல வெச்சேன். மூணு பெத்தாய் தின்னான், காலையில பாத்ரூம்ல இருந்து கத்துறான். பூச்சுக் பாக்கு மட்டும் இன்னும் புழுதானாம்.

பழைய கிராணி:
நம்பும்படி இல்லையா! அந்த டீச்சரையும் சம்பான்ல ஏத்துங்க.

மலர், ஒன்னு சொல்ல மறந்துட்டேன். ஆலமரம் போனப்ப அந்த ஓடைக்கரையில இருந்து பூச்சுக் பாக்கு நாலு கெழங்கு தோண்டியாந்து எங்க வீட்டுக் கொல்லையில தண்ணிக் குழா ஓரமா வெச்சேன், இப்ப வேலி ஓரம் முழுக்கப் பரவி நிக்குது. மருந்து ஒரு சொட்டு பட்டதில்ல. ஞாயித்துக்கெழமை காலையில 8 மணிக்குள்ள வந்துருங்க, வெயிலு ஏறிட்டா வாடிடும். பையனையும் கூட்டியா, அவனே ஒடிக்கட்டும். முட்டிக்கால் தண்ணி நின்னா செருப்பக் கழட்டிட்டு வாங்க.

சம்பால் ராணி:
ஐயா எனக்கும் ஒரு கட்டு. சந்தான் நான் கொண்டாறேன்.